எண்பதாயிரம் ஓடிய கார்

பிப்ரவரி 9

அன்புள்ள மருமகளுக்கு,

உன் தாய்மாமன் எழுதுவது. நலமா என்று கேட்க மாட்டேன். போனைப் பட்டென்று வைக்கிற அளவுக்குக் கையில் தெம்பு இருக்கிறதென்றால் நலமாகத்தான் இருப்பாய். அதன் பிறகு எத்தனையோ முறை அடித்துப் பார்த்தேன், நீ எடுக்கவில்லை. அடுத்த தெருவுக்குப் போய் உன் அம்மாவிடம் கேட்டால், “மாமா போன்ல பேசினா நடுவுல ஒரு வார்த்தை போட இடம் இல்லையாம். எதுவா இருந்தாலும் எழுதி அனுப்பட்டும், நானும் எழுதியே பதில் சொல்றேங்கறா” என்கிறாள். சரி, எழுதுகிறேன். எட்டாம் வகுப்பை முடிக்காதவன், பேனா பிடிக்கத் தெரியாமல் ஓடிவிடுவான் என்று நினைத்தாய் போலிருக்கிறது. நான் எட்டாம் வகுப்பை முடிக்காததற்குக் காரணம், அதற்கு மேல் எனக்குச் சொல்லித்தர அந்த வாத்தியாரிடம் சரக்கு இல்லை என்பதுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் ஆஸ்பத்திரியில் வீடு வீடாகப் போய்ப் பிசியோதெரபி செய்கிற பிரிவை மார்ச்சோடு இழுத்து மூடுகிறார்கள். நோயாளிகள், “ஆஸ்பத்திரி போனா போகட்டும், நீங்க வாங்க” என்கிறார்கள். நீ சொந்தமாகத் தொழில் தொடங்கப் போகிறாய். அதற்கு ஒரு மின்சார கார் வேண்டும். விலை கைக்கு அடக்கமாக இருக்க வேண்டும். தொழில் படுத்துவிட்டால் அந்தக் காரை விற்றுப் போட்ட காசை எடுக்க முடிய வேண்டும். இவ்வளவுதானே? இதைச் சொல்ல அன்றைக்கு நீ அரை மணி நேரம் எடுத்துக்கொண்டாய், அதனால்தான் நான் நடுவில் புகுந்தேன்.

வண்டி கிடைத்துவிட்டது! இங்கே ஒரு பல் டாக்டர், தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவர். மின்சார கார்கள் வந்த புதிதில், ஐந்து வருஷத்துக்கு முன்னால் வாங்கியிருக்கிறார். மீட்டரைப் பார்த்து என் கண்ணை நானே கசக்கிக்கொண்டேன். மொத்தமே ஆறாயிரம் கிலோமீட்டர். அதைவிட அதிகமாக நான் டீக்கடைக்கு நடந்திருப்பேன். சீட்டுக்கு மேல் கம்பெனி போட்ட பிளாஸ்டிக் உறையைக்கூட அவர் கழற்றவில்லை. மேலே ஒரு வெள்ளைத் துணி, அந்தத் துணி அழுக்காகாமல் இருக்க அதற்கு மேல் இன்னொரு துணி.

எஞ்சின் மேல் ஸ்க்ரூடிரைவரை வைத்து மறுமுனையில் காதை வைத்தேன் என்றால் அந்த வண்டியின் ஜாதகத்தையே சொல்லிவிடுவேன் என்பது எங்கள் பழைய கார் சந்தைக்கே தெரியும். இதிலும் வைத்தேன். ஒரு முனகல் இல்லை, ஒரு இருமல் இல்லை. முப்பது வருஷத்தில் இப்படி ஒரு குறையற்ற வண்டியை நான் கேட்டதே கிடையாது.

கொக்கி என்று ஒரு தரகன் இருக்கிறான், உனக்குச் சொல்லியிருக்கிறேன். பேச்சில் கொக்கி போட்டு ஆளை இழுப்பான். அவனும் அங்கே வந்து நின்று வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். இனித் தாமதிக்கலாமா? சாவியை வாங்கிவிட்டேன். எங்கள் சந்தையில் விலையைப் பேசுவது வாய், முடிப்பது சாவி. விற்கிறவர் சாவியைத் தரகன் உள்ளங்கையில் வைத்துவிட்டால் அவ்வளவுதான். அதற்குப் பிறகு யார் அதிகம் கொடுத்தாலும் அவர் விற்கக் கூடாது, எவ்வளவு நல்ல வண்டி வந்தாலும் இவன் பின்வாங்கக் கூடாது. நான் இதுவரை ஒரு சாவியையும் திருப்பிக் கொடுத்ததில்லை. உன் பெயரைச் சொல்லித்தான் வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டு வா. மாலைக்கு நான் ஏற்பாடு செய்கிறேன், காருக்கு.

உன் தாய்மாமன்

---

பிப்ரவரி 13

அன்புள்ள மாமா,

கடிதம் கிடைத்தது. இதில் உங்களால் குறுக்கே பேச முடியாது என்பதால் ஒன்றைத் தெளிவாக எழுதுகிறேன். என்னைக் கேட்காமல் என் பெயரில் சாவி வாங்கியது தப்பு. வாங்கியது எனக்காக இல்லை, கொக்கி பக்கத்தில் நின்றதற்காக.

எனக்கு இந்தக் கார் வெறும் வண்டி இல்லை. அம்மாவும் நானும் சேர்த்து வைத்த பணம் முழுக்க இதில் போய் உட்காரப் போகிறது. சக்கரம் வைத்த சேமிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் கார் வாங்கினால் நான் சம்பாதிப்பதில் பாதியைப் பங்க்கில் கொட்ட வேண்டும். மின்சார கார் புதிதாக வாங்கினால் ஷோரூம் வாசலைத் தாண்டும்போதே விலை சரிகிறது. அந்தச் சரிவை வேறு ஒருவர் ஏற்கெனவே தாங்கிக்கொண்ட, இனிமேல் அதிகம் சரியாத கார்தான் எனக்கு வேண்டும். தொழில் ஓடாவிட்டால் அதை விற்று அம்மாவின் பங்கையாவது நான் அவள் கையில் திருப்பி வைக்க வேண்டும். இது ஒன்றுதான் என் கவலை. மாலை வேண்டாம்.

டாக்டரிடம் மூன்று விஷயம் கேட்டுச் சொல்லுங்கள். கார் எங்கே நிற்கிறது? எப்படிச் சார்ஜ் போடுகிறார்? பேட்டரியை கம்பெனி சர்வீஸில் கொடுத்துச் சோதித்துத் தருவாரா? ஸ்க்ரூடிரைவரால் இல்லை, கம்ப்யூட்டரால்.

நானும் இங்கே ஒரு காரைப் பார்த்திருக்கிறேன். மூக்குக்கண்ணாடிக் கடைகளுக்கு ஊர் ஊராக லென்ஸ் கொண்டுபோய்ப் போடும் அம்மா ஒருவருடையது. வியாபாரம் பெருகி வேன் வாங்குவதால் காரை விற்கிறார். நான்கு வருஷம் ஓடியிருக்கிறது, எண்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல். படித்ததும் நீங்கள் நாற்காலியிலிருந்து எழுந்திருப்பீர்கள் என்று தெரியும். உட்காருங்கள். இன்னும் முடிவு செய்யவில்லை.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லவும்.

மருமகள்

---

பிப்ரவரி 17

அன்புள்ள மருமகளுக்கு,

எழுந்தேன். உட்காரவில்லை. நின்றுகொண்டே எழுதுகிறேன். எண்பதாயிரமா! அதற்குப் பெயர் காரா? சாலை ஓரத்தில் நட்டு வைத்தால் மைல்கல்லாக உதவும். உன் அத்தை கேட்டாள், “எதுக்கு இப்படிக் கத்தறீங்க, லெட்டர்ல எழுதினா கேக்கவா போகுது?” என்று. நான் கத்துவது எழுத்திலும் வரும், படிக்கும்போது கொஞ்சம் தள்ளி வைத்துப் படி.

நீ கேட்ட மூன்றுக்கும் பதில் வாங்கிவிட்டேன். கேட்டால் நீயே வெட்கப்படுவாய்.

கார் நிற்பது அவர் வீட்டுப் பக்கவாட்டில், அதற்கென்றே போட்ட தகரக் கொட்டகையில். மூன்று பக்கமும் அடைப்பு. மழைத் துளி ஒன்று பட்டதில்லை, காற்றுகூட அனுமதி கேட்டுத்தான் உள்ளே போகும். அப்படி ஒரு கதகதப்பு. சட்டையைக் கழற்றிப் பிழியலாம்.

சார்ஜ் விஷயத்தில் அவரைப் போல ஒரு மனிதரைப் பார்க்க முடியாது. வாங்கிய நாளிலிருந்து பிளக்கைக் கழற்றுவதே இல்லை. “எப்பப் பார்த்தாலும் நூறுதாங்க, தொண்ணூத்தொம்பதுன்னு நான் பார்த்ததே இல்ல” என்றார். சந்தைக்கு வருகிற பெட்ரோல் வண்டி டேங்க் நிறைய இருந்தால் அதற்கு ஒரு கௌரவம். இவர் ஐந்து வருஷமாக அந்தக் கௌரவத்தைக் காப்பாற்றுகிறார். மாதத்துக்கு ஒரு முறை மட்டும் கழற்றி வெளியே எடுப்பாராம், குளிப்பாட்டி ஒரு சுற்று சுற்றிவர.

மூன்றாவது கேள்வியை நான் கேட்கவில்லை. பிள்ளை மாதிரி வளர்த்தவரிடம் போய், சோதித்துப் பார்க்கணும் என்றால் அந்த மனிதர் மனம் என்ன பாடுபடும்? தவிர, என் காது பார்த்துவிட்டதை ஒரு கம்ப்யூட்டர் புதிதாக என்ன பார்த்துவிடப் போகிறது? ஒரு முறை நான்கு மாநிலம் சுற்றிய லாரியை வெறும் ஹாரன் சத்தத்தைக் கேட்டே விலை சொன்னவன் நான். அந்த லாரி முதலாளி அழுதுவிட்டார், சந்தோஷத்தில்.

கொக்கி தினமும் வந்து, “அண்ணே, மருமக எப்ப வராங்க? இல்லன்னா சொல்லுங்க, நான் எடுத்துக்கறேன்” என்கிறான். வாயில் வெற்றிலை இல்லாமலே மெல்லுகிற ஆள் அவன். சீக்கிரம் வா.

உன் தாய்மாமன்

---

பிப்ரவரி 22

அன்புள்ள மாமா,

நன்றி. மூன்றாவது கேள்வியைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் செய்துவிட்டீர்கள். அந்தக் கார் எனக்கு வேண்டாம்.

கோபப்படாமல் படியுங்கள். பெட்ரோல் கார் ஓட ஓடத் தேயும், அதனால் மீட்டரைப் பார்த்து விலை சொன்னீர்கள். சரிதான். மின்சார காரின் விலை பேட்டரியில் இருக்கிறது. ஓட்டம் பேட்டரிக்கு அவ்வளவு பெரிய கெடுதல் இல்லை. வெக்கையில், வயிறு முட்ட நிரம்பி, அசையாமல் கிடப்பதுதான் கெடுதல். அதுவும் ஐந்து வருஷத்துக்கு முன்னால் வந்த அந்த மாடலில் பேட்டரியைக் குளிர வைக்க ஏற்பாடும் கிடையாது, விசாரித்தேன். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன் மாமா. அவர்களை யாரும் அடிக்கவில்லை. நல்ல மெத்தை, வேளைக்குச் சாப்பாடு, போர்வைக்கு மேல் போர்வை. அப்படியும் தொடை என் மணிக்கட்டு அளவுக்கு மெலிந்துவிடுகிறது.

லென்ஸ் அம்மாவின் காரை ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தேன். அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டார். என் நோயாளிகள் வீட்டுக்கெல்லாம் அதிலேயே போனேன். பக்கவாதம் வந்த டெய்லர் வீட்டுச் சந்து எவ்வளவு குறுகல் என்று உங்களுக்குத் தெரியாது, அதிலும் நுழைந்து திரும்பியது. “எண்பதுக்கு மேல சார்ஜ் போடமாட்டேம்மா, இருபதுக்குக் கீழ விடமாட்டேன். எனக்கு இது சோறு போடற வண்டி, அதுக்கு அஜீரணம் வந்தா நான் பட்டினி” என்றார். பிறகு இருவரும் சர்வீஸ் சென்டருக்குப் போய்ப் பேட்டரியைச் சோதித்தோம். புதிதில் நூறு என்றால் இப்போது தொண்ணூற்றொன்று. கம்பெனி வாரண்டி இன்னும் நான்கு வருஷம் இருக்கிறது, வாங்குகிறவர் பெயருக்கு அது மாறும். நான் இரண்டு வருஷம் கழித்து விற்றாலும் வாங்குகிறவருக்கு வாரண்டி மிச்சம் இருக்கும். அதுதான் விலையைத் தாங்கும், சீட்டின் பிளாஸ்டிக் உறை இல்லை.

அவர் சொல்லும் விலை எங்களுக்குக் கட்டுபடியாகும். மீட்டரைப் பார்த்துப் பயந்து உங்களைப் போன்றவர்கள் ஓடிவிடுவதால்தான் கட்டுபடியாகிறது.

டாக்டரிடம் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மருமகள்

---

பிப்ரவரி 25

மருமகளுக்கு,

அன்புள்ள என்பதை இந்த முறை எழுதவில்லை. கவனித்திருப்பாய்.

சாவியைத் திருப்பிக் கொடு என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய்! எங்கள் சந்தைக் கொட்டகையில், பழைய கார்களிலிருந்து கழற்றிய சீட்டுகளைப் போட்டு நாங்கள் பதினைந்து பேர் உட்கார்ந்திருக்கிறோம். எங்களிடம் கடை கிடையாது, போர்டு கிடையாது. எங்களிடம் இருப்பது வாய்தான், அந்த வாயை நம்புவதற்கு இருப்பது அந்தச் சாவி வழக்கம்தான். நான் ஊருக்கெல்லாம் கதை விடுகிறேன் என்று உனக்குத் தெரியும், கொட்டகைக்கும் தெரியும். இருந்தும் ஏன் என்னிடம் வண்டி கொடுக்கிறார்கள்? மனிதன் என்ன சொன்னாலும் சாவி வாங்கினால் வாங்கினதுதான் என்பதற்காக.

உன் அம்மாவோடு பேசிவிட்டேன். பணத்தில் பாதி அக்காவுடையது. நான் சரி என்று சொல்கிற வரைக்கும் அதைத் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன். “நீ சொன்னா சரிடா தம்பி, அந்தப் பொண்ணுக்கு ஆஸ்பத்திரி வேலை போறதுலேயே எனக்குத் தூக்கம் இல்ல” என்றாள். ஒற்றைக் காலில் நிற்பது உனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைக்காதே. என் அக்காவின் மகள் நீ, நான் அந்த அக்காவின் தம்பி.

அந்த மெலிந்த தொடை விஷயம் எல்லாம் எனக்கு எழுதாதே. சாப்பிட உட்கார்ந்தால் அதுதான் நினைவுக்கு வருகிறது.

உன் தாய்மாமன்

பின்குறிப்பு: அந்தச் சோதனைக்கு என்னென்ன கொண்டுபோக வேண்டும்? எனக்கு இல்லை, இங்கே ஒருவர் கேட்டார்.

---

மார்ச் 1

மாமா,

அம்மா பணத்தைத் தர மாட்டேன் என்கிறாள். நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்தப் பல் டாக்டர் காரை நான் வாங்க மாட்டேன். நீங்கள் தலைகீழாக நின்றாலும் மாட்டேன். கார் இல்லாவிட்டால் பஸ்ஸில் போவேன். பஸ் போகாத இடத்துக்கு நடந்து போவேன். பஸ்ஸில் போனால் எல்லா வீட்டுக்கும் போய்வர முடியாது, பாதிப் பேரைக் கைவிட வேண்டியிருக்கும். யாரை விடுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். டெய்லரை விட்டால் அவருடைய வலது கை அப்படியே மடங்கிப்போகும். குழந்தை பிறந்த பிறகு நடக்க முடியாமல் போன அந்தப் பெண்ணை விட்டால், அவள் இப்போதுதான் சுவரைப் பிடித்துச் சமையலறை வரை வந்திருக்கிறாள். பெயர்களை உங்களுக்கு எழுதவில்லை. யாரை விடலாம் என்று நீங்களே சொல்லுங்கள்.

லென்ஸ் அம்மாவிடம் வேறு ஒருவர் கேட்டு வந்திருக்கிறார். “உனக்குன்னு வெச்சிருக்கேன், ஆனா அடுத்த திங்களுக்கு மேல என்னால முடியாதும்மா, வேனுக்குப் பணம் கட்டணும்” என்று சொல்லிவிட்டார்.

அந்த ‘ஒருவரிடம்’ சொல்லுங்கள்: சோதனைக்கு எதுவும் கொண்டுபோக வேண்டாம், காரைக் கொண்டுபோனால் போதும். கம்ப்யூட்டரை நம்பாதவராக இருந்தால் நூறு சார்ஜில் கிளம்பி ஓட்டிப் பார்க்கட்டும். புதிதாக இருந்தபோது இருநூறு கிலோமீட்டர் போன கார் அது. இப்போது எவ்வளவு போகிறது என்று கார் சொல்லும். அதற்குப் பிறகும் அதை எனக்கு வாங்கித்தரலாம் என்று அவருக்குத் தோன்றினால் எழுதட்டும்.

மருமகள்

---

மார்ச் 6

அன்புள்ள மருமகளுக்கு,

‘அன்புள்ள’ திரும்ப வந்துவிட்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஓட்டிப் பார்த்தோம். டாக்டரும் நானும். என் யோசனைதான். நான் ஆரம்பத்திலிருந்தே ஓட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன் அல்லவா? டயர் கம்பெனி வரைக்கும் போய்த் திரும்பினால் நூற்றைம்பதுதான் வரும், இருநூறு போகிற வண்டிக்கு அது என்ன பெரிய தூரம் என்று காலையில் கிளம்பினோம். டாக்டர் சந்தனச் சோப்பு மணக்க, புதுச் சட்டை போட்டு, பெண் பார்க்கப் போவது போல உட்கார்ந்திருந்தார். பிளாஸ்டிக் உறை சீட்டில் இரண்டு பேரும் வழுக்கி வழுக்கி எழுந்தோம்.

போகும்போது ராஜ நடை. பாலம் தாண்டித் திரும்பும் வழியில் மீட்டரில் இருந்த எண், லிஃப்டில் இறங்குவது போல இறங்க ஆரம்பித்தது. நாற்பது என்று காட்டியது, நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பதற்குள் இருபத்தைந்து. ஏசியை அணைத்தோம். ரேடியோவை அணைத்தோம். டாக்டர் மூச்சு விடுவதைக்கூடக் குறைத்துக்கொண்டார்.

ஒரு மரக்கடை வாசலில் வண்டி நின்றுவிட்டது என்று எழுத மாட்டேன். நான்தான் நிறுத்தினேன். வண்டிக்கும் அதே நேரத்தில் அதே எண்ணம் வந்தது.

மரக்கடைக்காரர் நல்ல மனிதர். என்னைப் பார்த்ததும், “நீங்கதானே அந்தப் பெரிய கார் சந்தையோட தலைவர்?” என்று கேட்டிருப்பார், ரம்பம் ஓடிய சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. ரம்பத்தை நிறுத்தும்போதெல்லாம் அந்த பிளக்கை எங்களுக்குக் கொடுத்தார். பலகை அறுக்க ஆரம்பித்தால் எங்களைக் கழற்றிவிட்டார். இப்படியே பொழுது சாய்கிற வரைக்கும் மரத்தூளில் உட்கார்ந்திருந்தோம்.

அப்போது டாக்டர் சொன்னார். “பல்லுன்னா, தேய்ச்சுச் சுத்தமா வெச்சு, கடினமானதைக் கடிக்காம இருந்தா கடைசி வரைக்கும் நிக்கும். ஆயுசுக்கும் எல்லாருக்கும் அதைத்தான் சொன்னேன். இதையும் அப்படித்தான் வெச்சேன். எங்க வீட்டம்மா ஆசையா ஒரு தடவை மலைக்குப் போலாம்னு கேட்டா. வண்டி கெட்டுடும்னு கூட்டிட்டுப் போகல. பத்திரமா வெச்சதே தப்பாங்க?”

  எழுந்து போய் இரண்டு டீ வாங்கிவந்தேன்.

மறுநாள் சர்வீஸில் சோதித்தார்கள். அறுபத்து நான்கு. கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது.

கொட்டகைக்கு வந்தால் எனக்கு முன்னால் செய்தி வந்து உட்கார்ந்திருக்கிறது. கொக்கி எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டான்.

“என்னண்ணே, சாவி கையைச் சுடுதாமே? திருப்பிக் குடுக்கப் போறீங்களாமே?”

“எந்தப் பய சொன்னான்?”

“மரக்கடையில மரத்தூள் சொல்லுச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சாவியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டேன். “வண்டி மருமகளுக்குன்னு சொன்னது சும்மா. மாமனுக்குத்தான் வாங்கினேன். என் பழைய பெட்ரோல் வண்டியை நீ எடுத்துக்கறியா, இல்ல வேற ஆளைப் பார்க்கட்டுமா?” என்றேன். முகத்தில் ஈயாடவில்லை அவனுக்கு. வாயை மூடிக்கொண்டு என் வண்டியை அவனே எடுத்துக்கொண்டான், நான் சொன்ன விலைக்கு. கொஞ்சம் குறைத்து.

டாக்டரும் யோக்கியர். “மீட்டரைப் பார்த்து நான் சொன்ன விலையை மறந்துடுங்க. பேட்டரிக்கு என்ன விலையோ அதைக் குடுங்க” என்று அவரே பாதிக்குப் பக்கத்தில் இறக்கினார். விலையை இறக்கிக்கொள்கிறேன் என்று விற்கிறவரே சொல்வதை என் தொழிலில் நான் கேட்டதில்லை. வீட்டிலிருந்து கொட்டகை, கொட்டகையிலிருந்து டீக்கடை, டீக்கடையிலிருந்து வீடு. எனக்கு இந்த வண்டி தாராளம். விற்கிற எண்ணம் இல்லாதவனுக்கு அதன் விலை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன? பிளாஸ்டிக் உறையை முதல் வேலையாகக் கிழித்துப் போட்டேன். டாக்டரையும் அவர் வீட்டம்மாவையும் ஞாயிற்றுக்கிழமை அதே வண்டியில் மலை அடிவாரம் வரைக்கும் கூட்டிப்போகிறேன். மேலே ஏறுவது அவர்கள் பாடு, வண்டியின் பாடு.

அக்காவிடம் பேசிவிட்டேன். பணம் நாளைக்கே உன் கணக்குக்கு வரும். அந்த லென்ஸ் அம்மா வண்டியை வாங்கு. இது என் உத்தரவு. நீ எப்போதோ முடிவு செய்துவிட்டாய் என்று தெரியும். ஆனாலும் உத்தரவு போடுவதில் எனக்கு நஷ்டம் எதுவும் இல்லை.

யாரை விடலாம் என்று கேட்டிருந்தாய். ஒருவரையும் விடாதே.

உன் தாய்மாமன்

---

ஏப்ரல் 4

அன்புள்ள மாமா,

திங்கட்கிழமை காலையிலேயே போய் வாங்கிவிட்டேன். வாரண்டியும் என் பெயருக்கு மாறிவிட்டது. சர்வீஸ் சென்டரில் கொடுத்த பேட்டரி அறிக்கையைக் காருக்குள்ளேயே வைத்திருக்கிறேன். கீழ்வீட்டுக்காரர் வாசலில் பிளக் போட அனுமதி தந்தார், மின்சாரத்துக்குத் தனி மீட்டர். அவருடைய தோள்பட்டைக்கு ஒரு வாரம் பயிற்சி கொடுத்தேன், அதனால் அனுமதி சீக்கிரம் கிடைத்தது.

பின் சீட்டை மடக்கிவிட்டால் நடைப் பயிற்சிக் கம்பி, ரப்பர் பட்டைகள், பந்து எல்லாம் அடங்கிவிடுகிறது. எல்லா வீட்டுக்கும் போகிறேன். டெய்லர் நேற்று ஊசியில் நூல் கோர்க்க முயன்றார். கோர்க்கவில்லை. ஆனால் ஊசியைக் கீழே போடவில்லை.

உங்களிடம் சொல்ல வேண்டிய இன்னொன்று இருக்கிறது. அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். வீட்டுக்குப் போகும் பிரிவை மூடியதில் கெட்ட பெயர் வந்திருக்கிறது போல. நிர்வாக அதிகாரி எதிரே உட்கார வைத்து, “நிரந்தர வேலையா போட்டுத் தரோம்மா. பழைய சம்பளத்தைவிடக் கூட. அந்த நோயாளிங்களையும் எங்க பேருக்கே கொண்டுவந்துடுங்க” என்றார். அம்மா இரவும் பகலும் வேண்டிக்கொண்ட வேலை அதுதான்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். அவர் அறை மூன்றாவது மாடி, ஜன்னல் வழியாக வாகனம் நிறுத்துமிடம் தெரிகிறது. என் கார் கீழே நின்றுகொண்டிருந்தது. நான் ஒரு கணக்குப் போட்டேன். வேண்டாம் என்று சொல்லி, தொழில் படுத்துவிட்டால் என்ன ஆகும்? காரை விற்பேன். கொடுத்ததில் பெரும்பகுதி கைக்கு வரும். அம்மாவின் பணம் அப்படியே போய்ச் சேரும். நான் மட்டும் பழையபடி வேலை தேடுவேன், அவ்வளவுதானே?

“வேண்டாங்க சார்” என்றேன். “இன்னும் ரெண்டு நாள் யோசிங்க” என்றார். “யோசிச்சிட்டுத்தான் கார் வாங்கினேன்” என்றேன்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

மருமகள்

---

ஏப்ரல் 8

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதத்தைக் கொட்டகையில் சத்தமாகப் படித்தேன். படிக்கும்போது ஓரிரண்டு இடத்தில் கொஞ்சம் மெருகு போட வேண்டியிருந்தது. நிர்வாக அதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்து கைகூப்பினார், நீ அவர் நீட்டிய காகிதத்தை நாலாகக் கிழித்து மேஜையில் வைத்தாய், படி இறங்கி வரும்போது நர்சுகள் வரிசையாக நின்றார்கள் என்று படித்தேன். கொக்கி, “நெசமாவாண்ணே?” என்றான். “அவ யாரு மருமக?” என்றேன்.

அக்காவிடம் நானே சொல்லிவிட்டேன். அவளிடம் மெருகு போடவில்லை. நீ எழுதியதை எழுதியபடியே படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அவ்வளவு பெரிய மனுஷன் கிட்ட அப்படியேவா சொன்னா?” என்று கேட்டாள். “அப்படியேதான்” என்றேன். “திரும்பப் படி” என்றாள். மூன்று முறை படிக்க வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு நான்காவது முறை. போனில் கூப்பிட்டால் திட்டுவாள், எடுத்துப் பேசு. அந்தத் திட்டு வேறு மாதிரி இருக்கும்.

இன்னொரு விஷயம். உன் அத்தைக்கு முழங்கால் பிடித்துக்கொண்டிருக்கிறது. மாடிப்படி ஏறுவதை நிறுத்திவிட்டாள், துணி காயப்போட நான் ஏறுகிறேன். இங்கே ஒரு டாக்டர் ஊசி போடலாம் என்கிறார், எனக்கு மனசு ஒப்பவில்லை. உன் வண்டிக்கு எங்கள் ஊர் ஒரு சார்ஜ் தூரம்தான். வாரத்தில் உனக்கு எந்த நாள் காலி என்று எழுது. மாமன் வீடு, அத்தை கால் என்று பார்த்து, காசு வேண்டாம் என்று ஆரம்பித்தாயானால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவேன். மற்ற வீட்டில் என்ன வாங்குகிறாயோ அதைச் சொல். வந்து போகிற தூரத்துக்கும் சேர்த்துச் சொல்.

நான் பேரம் பேச மாட்டேன். இதை மட்டும் கொட்டகையில் யாரிடமும் சொல்லிவிடாதே.

உன் தாய்மாமன்